மேல்வீட்டம்மா குடிக்காத காபி

அறுபதைத் தாண்டிவிட்டால் எல்லோரையும் மன்னித்துவிட வேண்டுமாம். நம் செட்டில் பாதிப் பேர் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். முழங்காலுக்கு யோகா, மனசுக்கு மன்னிப்பு. நான் யோகா செய்கிறேன். மற்றது எனக்கு வராது. அப்பாக்களின் வேலைக்காக ஜெர்மனிக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டு, வீட்டில் ஒரு மொழியும் வாசலில் ஒரு மொழியுமாக வளர்ந்தவர்கள் நாம். நம் ஒவ்வொருவருக்குள்ளும் யார் மேலாவது ஒரு கறுவல் இருக்கத்தான் செய்யும். என்னுடையதைச் சொல்கிறேன். ஒரே ஒரு குளிர்காலம்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எழுபதுகளின் தொடக்கம். ரைன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊர். டிராம் ஏறினால் அரை மணியில் டுசல்டோர்ஃப். அப்பா ஓர் உலோக ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர். எங்கள் குடியிருப்பின் மாடிப்படி எப்போதும் தரை மெழுகின் வாசனையடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் பசிக்கும், பிறகு கோபம் வரும்.

பசிக்குக் காரணம் மேல்வீடு. அங்கே ஒரு ஜெர்மன் அம்மாவும் அவருடைய மகளும் இருந்தார்கள். மகள் என் வகுப்பு, என் பெஞ்சு. அவளுடைய அப்பா டிராம் ஓட்டியவர். நாங்கள் அங்கே குடிவருவதற்கு முந்தின வருஷம் நோயில் படுத்து இறந்துவிட்டார். அந்த இலையுதிர்காலத்தில் என் அம்மா பிள்ளையுண்டாகி, கரு தங்குமோ தங்காதோ என்ற நிலையில் டாக்டர் அவளைப் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அங்கே பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும். அப்பா வர ஆறு மணியாகும். மேல்வீட்டம்மா ஒருநாள் தானே இறங்கிவந்து, "சாப்பாட்டுக்குப் பிள்ளை என்னிடம் வரட்டும். ஒரு தட்டு கூடுதலாக வைப்பதில் எனக்கு என்ன சிரமம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பருப்பு சூப், ஆப்பிள் போட்ட தோசை மாதிரி ஒன்று, புளித்த சிவப்பு முட்டைக்கோஸ். சாப்பாடு ஆனதும் அவர் ஒரு டப்பாவிலிருந்து கறுப்பாக ஏதோ பொடி எடுத்து வெந்நீரில் கலக்கிக் குடிப்பார். எங்களுக்கும் பாலூற்றித் தருவார். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் காபி கிடையாது. அதனால் நான் குடிப்பது காபி என்றும், நான் பெரிய மனுஷியாகிவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை மாலைகளில் என்னையும் கூப்பிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடி, தாயமுருட்டும் விளையாட்டு ஏதாவது ஆடுவார்கள். சுவரில் இறந்துபோன அப்பாவின் படம். எதிர்காலத்தில் அவரோடு திரும்பவும் ஒரே குடும்பமாக இருக்கப்போவதாக மகள் சொல்வாள், அடுத்த வாரம் ஊருக்குப் போகப்போகிறவள் சொல்கிற மாதிரி.

அவர்கள் மோர்மன்கள், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையார். அந்தச் சொல்லே எனக்கு அப்போது தெரியாது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புரொபசர் ஆன்ட்டி. அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் பெரிய பதவியில் இருந்த தமிழ்ப் புரொபசரின் மனைவி. வருஷாவருஷம் அப்பாவின் வேலையை நீட்டிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் புரொபசர்தான். அந்த வட்டாரத்தில் இருந்த ஆறேழு தமிழ்க் குடும்பங்களுக்கும் ஆன்ட்டிதான் நாட்டாமை. அவளை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை வேண்டுமென்றால் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டி எங்கே போனாலும் கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். சிவப்புக் கட்டம் போட்டது, மூடியே கோப்பையாகிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா காபி என்று வாயெடுப்பதற்குள், "எனக்கு அல்சர்மா, டாக்டர் ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருக்கார்" என்று பிளாஸ்க்கைத் திறந்து தன் பாலைக் குடிப்பாள். தட்டில் வைத்த முறுக்கையும் தொடமாட்டாள். ஆனால் இன்ஜினியர் அங்கிள் வீட்டுக் கொலுவில் அவள் இரண்டு டம்ளர் காபி குடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நுரைவரை குடித்தாள். அந்த வயதில் அது எனக்கு வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது.

இப்போது அப்பாவின் காபிக்கு வருகிறேன். அம்மா படுத்துவிட்டதால் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஃபில்டரை அப்பா கையிலெடுத்திருந்தார். மேல்வீட்டம்மா அம்மாவைப் பார்க்க இறங்கிவந்த அன்று டிகாஷன் இறக்கி, ஆற்றி, நுரையோடு கொண்டுவந்து நீட்டினார். "நன்றி. நான் காபி குடிப்பதில்லை" என்றார் அவர். நாலு மணி அடித்தால் நாடே காபியும் கேக்குமாக உட்காரும் ஊரில் காபி குடிக்காத ஒரு ஜெர்மன்காரியா? அப்பா விடவில்லை. அடுத்த தடவை டீ போட்டார். அதையும் வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வெறும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மேல்வீட்டம்மா லேசாகச் சிரித்து, "இன்றைக்கு வேண்டாம்" என்று டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார்.

அந்த ஞாயிறு அவர்களுக்கு விரத நாள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை அன்னம் தண்ணீர் கிடையாது. விரதம் இருப்பதைத் தண்டோராப் போடக்கூடாது என்பதும் அவர்கள் பழக்கம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கார்த்திகை சோமவாரம் பட்டினி கிடக்கும் நம் ஆட்களுக்குப் புரியாமலா போயிருக்கும்? அவர் சொல்லவில்லை. அப்பா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் அப்பா வெடித்தார். "டீக்கடையில எங்களுக்குன்னு சிரட்டை தொங்கும். அதுல டீ வாங்கி, வெளிய நின்னு குடிச்சு வளர்ந்தவன் நான். இத்தனை கடல் தாண்டி வந்தும் அதே கதையா?"

"ஏங்க, அந்தம்மா தினமும் நம்ம பிள்ளைக்குச் சோறு போடுறாங்க" என்றாள் அம்மா படுக்கையிலிருந்து.

"போடுவா. அவ போடுவா, நாம வாங்கிக்கணும். நாம குடுத்தா தொடமாட்டா. இதுதானே எங்க ஊர்லயும்?"

அந்த மனுஷனுக்கு எது எங்கே வலிக்கும் என்று தெரிந்தவள் புரொபசர் ஆன்ட்டி. அடுத்த வாரம் அம்மாவின் கட்டிலருகே பிளாஸ்க்கோடு உட்கார்ந்து என் வாயைப் பிடுங்கினாள்.

"மேல உனக்குக் குடிக்க என்னடி குடுப்பாங்க?"

"காபி ஆன்ட்டி. அவங்க தினமும் குடிப்பாங்க. எனக்கும் பால் ஊத்தித் தருவாங்க."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அப்பாவின் முகம் விழுந்தது. ஆன்ட்டி தலையை ஆட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். "நாங்க ரெண்டு வருஷம் அமெரிக்கால இருந்தோம், எனக்குத் தெரியாத மோர்மனா? நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவாங்க. உள்ளாடையில மந்திரம் வச்சிருப்பாங்க. செத்த பிணத்துக்கு ஞானஸ்நானம் குடுப்பாங்க. திங்கக்கிழமை பாட்டுப் பாடியே பிள்ளைகளை வசியம் பண்ணிருவாங்க. நம்மள மாதிரி நிறம்னா கை நீட்டி எதையும் வாங்கமாட்டாங்க. வயசுக்கு வரப்போற பொண்ணை அங்க எதுக்கு அனுப்புறீங்க?"

பல பெண்டாட்டி வழக்கத்தை அந்தச் சபை எங்கள் தாத்தாக்கள் பிறப்பதற்கு முன்பே விட்டுவிட்டது. அந்த உடுப்பு அவர்கள் கடவுளுக்குக் கொடுத்த வாக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள. அன்றைக்கு என் இடுப்பிலேயே கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து கிடந்தது. அதை யாரும் மந்திரவாதம் என்று சொல்லவில்லை. இறந்தவர்கள் பெயரைச் சொல்லி உயிரோடு இருக்கிற ஒருவர் தண்ணீரில் முங்கி எழுவார், அவ்வளவுதான். நம் வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதை விடவா இது விசித்திரம்? இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அவர்களை நான் தூக்கிவைத்து எழுதவில்லை. ஆப்பிரிக்க வம்சத்து ஆண்களுக்கு அந்தச் சபை குருத்துவப் பதவி கொடுக்காமல் வைத்திருந்த காலம் அது. எழுபதுகளின் கடைசியில்தான் மாற்றிக்கொண்டார்கள். அதைப் படித்த அன்று மேல்வீட்டம்மாவிடம் மானசீகமாக ஒரு சண்டை போட்டேன். ஆனால் எங்கள் வீட்டு டம்ளரை அவர் ஒதுக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மறுநாளிலிருந்து மேல்வீட்டுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. ஒரு வாரம் மேல்வீட்டம்மா மூடிய தட்டொன்றை எங்கள் கதவருகே வைத்துவிட்டுப் போனார். அப்பா அதிலிருந்ததைத் தொடாமல் அப்படியே எடுத்துப்போய் அவர்கள் கதவருகே வைத்தார். சிரட்டையில் டீ குடித்தவர் அதைச் செய்தார். எனக்குச் சோறு சூடாக்க அம்மா டாக்டர் பேச்சை மீறி எழுந்து நடந்தாள். மூன்றாம் வாரம் உதிரம் பட்டு, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனது. பத்து நாள் ஆஸ்பத்திரி. பிள்ளை தங்கியது என் அம்மாவின் பிடிவாதத்தால்தான்.

நானும் ஒரு காரியம் செய்தேன். பள்ளி மைதானத்தில் மேல்வீட்டுப் பெண் ஓடிவந்து, "ஏன் வருவதில்லை?" என்று கேட்டாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசில்லை. சுற்றி வகுப்பே நின்றது. "உன் அப்பாவுக்கு எத்தனை பெண்டாட்டி?" என்று கேட்டேன். "எங்கள் ஆன்ட்டி சொன்னாள், உங்கள் ஆட்கள் நாலைந்து கட்டுவார்களாம்."

அவள் அப்படியே நின்றாள். மற்றவர்களுக்கு அது வெல்லமாகப் போயிற்று. குளிர்காலம் முழுக்க அவள் போகிற பக்கமெல்லாம் அதே கேள்வியை ராகம்போட்டுக் கேட்டார்கள். இறந்த அப்பாவோடு திரும்ப ஒன்றாக இருக்கப்போகிறோம் என்று காத்திருந்த பிள்ளையிடம்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மதியங்களில் நான் தனியாகக் கிடந்தேன். கீழே நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஓர் அறை உண்டு. மேல்வீட்டார் அறையில் ஆன்ட்டி சொன்ன பிணம் இருக்கிறதா பார்த்துவிடுவது என்று ஒருநாள் இறங்கினேன். சட்டத்தின் இடுக்கில் கண்ணை வைத்தால், கோதுமை மூட்டைகள், சர்க்கரை, செர்ரியும் பிளம்ஸும் நிரப்பிய கண்ணாடி ஜாடிகள். கஷ்டகாலத்துக்கென்று ஒரு வருஷத்து உணவைச் சேர்த்து வைப்பார்கள். ஒரு மளிகைக்கடையைப் பூட்டிவைத்த மாதிரி இருந்தது. பின்னால் காலடிச் சத்தம். மேல்வீட்டுப் பெண்தான்.

"என்ன தேடுகிறாய்?"

"பிணம்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவள் பூட்டைத் திறந்தாள். ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து என் மூக்கில் இடிப்பது போல நீட்டினாள். மேல்வீட்டம்மா தினமும் கலக்கிக் குடித்த அதே பொடி.

"முகர்ந்து பார். இது வறுத்த பார்லி. நாங்கள் காபி குடிக்கமாட்டோம், டீயும் குடிக்கமாட்டோம். யார் வீட்டிலும் குடிக்கமாட்டோம். உன் அப்பாவிடம் போய்ச் சொல். பிறகு என் அப்பாவுக்கு ஒரே பெண்டாட்டிதான் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அப்பாவிடம் சொன்னேன். "அவ சொல்லிக்குடுத்தாளா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து எங்கள் காபிப்பொடி டப்பாவையும் முகர்ந்து பார்த்தேன். இரண்டும் வேறு. அப்போதுதான் எனக்கு நுரைவரை குடித்த அந்த இரண்டு டம்ளர் ஞாபகம் வந்தது. யார் எங்கும் குடிக்கமாட்டார்கள், யார் எங்கள் வீட்டில் மட்டும் குடிக்கமாட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

தம்பி வசந்தத்தில் பிறந்தான். பெயர் வைக்கும் விழாவுக்கு எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் ஒரு மதியம் எங்கள் வீட்டில் கூடின. அன்று நடந்ததை, குழந்தை வெகுளியாக என்னவோ கேட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். வெகுளியும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று வாரம் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். எந்த இடத்தில் கண்ணை அகல விரிக்க வேண்டும் என்பது உட்பட.

அம்மா காபித் தட்டோடு வந்தாள். ஆன்ட்டி பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஆன்ட்டி, நீங்க மோர்மனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ஏன்டி கண்ணு அப்படிக் கேக்குற?"

"மேல்வீட்டம்மாவும் எங்க வீட்டுக் காபியைக் குடிக்கமாட்டாங்க. நீங்களும் குடிக்கமாட்டீங்க. அதான்."

"சீ, அது வேற. அவங்க மதத்துலயே காபி, டீ எல்லாம் கிடையாது. எனக்கு அல்சர்."

வலையில் விழுந்தாள். "ஆனா இன்ஜினியர் அங்கிள் வீட்டுல ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே?" என்றேன்.

இன்ஜினியர் அங்கிள் தரையைப் பார்த்தார். புரொபசர் இருமினார். அப்பா எழுந்து வந்தார். அவர் என் கேள்வியைவிட அவள் பதிலைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அவங்க மதத்துல காபி இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருப்பி மூடினாள். தெரியும், நிச்சயமாகத் தெரியும். அப்பா மேல்வீட்டைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கிறவரை தன் பிளாஸ்க்கைப் பார்க்கமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஐம்பது வருஷமாக யோசித்துவிட்டேன், எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. அந்த அல்சரின் அர்த்தம் அப்பாவுக்கு முதல் நாளே புரிந்திருக்க வேண்டும் என்பதையும் இப்போது நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுகிறவரின் மனைவியிடம் காட்ட முடியாத கோபத்தைத்தான் மாடிப்படியில் ஏற்றி அனுப்பினார்.

அன்று அதைக் கீழேயே காட்டினார். தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "குடிங்க." குரலை உயர்த்தவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. புரொபசர்தான் கடைசியில், "குடிச்சுத் தொலையேன்" என்றார். அவள் குடித்தாள். தூக்கி ஊற்றாமல், உதடு வைத்து, முழு டம்ளரையும். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் ஒரு மடக்கு விடாமல் எண்ணினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

அவர்கள் போனதும் அப்பாவும் நானும் ஜன்னலருகே நின்றோம். கீழே டிராம் நிறுத்தத்தில் ஆன்ட்டி பிளாஸ்க்கைத் திறந்து, பாலை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, தண்டவாளத்தின் ஓரமாகத் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர்கள் நகர்ந்து நின்றுகொண்டார்கள்.

"காபில சர்க்கரை கம்மியா இருந்திருக்கும்" என்றார் அப்பா.

அன்று மாலையே அம்மாவிடம் சொல்லி ஏலக்காயும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சி, அப்பா மேல்வீட்டுக்கு எடுத்துப்போனார். நான் அவர் பின்னால் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்று டம்ளரை நீட்டினார். மேல்வீட்டம்மா அங்கேயே நின்று குடித்துவிட்டு, "ரொம்ப நன்றாயிருக்கிறது" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்வீட்டம்மாவுக்குப் பின்னால் கூடத்தில் நின்ற மகள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் அப்பாவின் நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. இலையுதிர்காலத்தில் மூட்டைகட்டினோம். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர், சாகிறவரை.

ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள், என் பெயர் வெட்டிய சின்ன எவர்சில்வர் டம்ளர் நிறைய முந்திரிப்பருப்பு போட்டு மேல்வீட்டுக் கதவருகே வைத்தேன். எங்கள் வீட்டில் யாருடைய பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரமாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அந்தப் பழக்கம் மேல்வீட்டுக்கும் தொற்றியிருந்தது. எங்கள் கிண்ணங்கள் அந்த ஏலக்காய்ப் பாலுக்குப் பிறகு மேலேயிருந்து வரும்போதெல்லாம் அதில் ஒரு பிளம்ஸாவது இருக்கும். மறுநாள் காலையில் டம்ளர் எங்கள் கதவருகே இருந்தது. முந்திரிப்பருப்பு தனியே ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. டம்ளர் பளபளவென்று தேய்த்துக் கழுவப்பட்டு, காலியாக இருந்தது.

ஆன்ட்டி இறந்துவிட்டாள் என்று போன வருஷம் கேள்விப்பட்டேன். அன்று காலை யோகாவை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன், நுரைவரை. இதை நான் மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. ஆனால் உலகத்தில் எங்கோ ஓர் ஊரில் என் வயது ஜெர்மன்காரி ஒருத்தி தன் தோழிகளிடம், "எங்கள் கீழ்வீட்டில் ஓர் இந்தியப் பெண் இருந்தாள். அவளை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் மன்னித்துவிடு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.